எட்டு வினாடி

இடைவேளைக்கு முன்பே
ஏழு முறை பந்தைத் தொலைத்திருந்தேன்,
ஏழும் ஒரே மூலையில்.
மஞ்சக்குப்பம் சிமெண்ட் கோர்ட்டில்
ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும் மூலை.
டீசல் புகையும்
நெய்வேலிக்காரிகளின் நான்கு கைகளும்
ஒன்றாக முகத்துக்கு வரும்.

கூடை போட்டதும்
திரும்பி ஓடமாட்டார்கள் அவர்கள்.
எங்கள் எல்லைக்கோட்டிலேயே நின்றுவிடுவார்கள்,
வாடகை பாக்கி கேட்க வந்தவர்கள் மாதிரி.
ஒருத்தி என்னை ஓரத்துக்குத் தள்ளுவாள்.
இன்னொருத்தி அங்கே காத்திருப்பாள்.
மூன்றாவதாகப் பக்கக்கோடு.
அதற்கு வேர்ப்பதே இல்லை.

டைம் அவுட்.
கடிகாரம் நின்றதா ஓடியதா என்று
ஸ்கோர் மேசையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்
மைக்கேல் சார்.
அறுபது வினாடியும் எங்களுக்கே மிச்சம்.

"பந்து கைக்கு வந்ததும் தட்ட ஆரம்பிச்சிடறே"
என்றாள் நஸ்ரத்.
"தட்டும்போது குனியறே.
குனிஞ்ச தலையைப் பாத்துதான் வராளுவ."

குமுதவல்லி பி.காம்.,
தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தபடி
கணக்குச் சொன்னாள்:
"ரெண்டு பேரு உன் மேல. மிச்சம் மூணு.
நாங்க நாலு பேருடி.
ஒருத்தி எங்கியோ சும்மா நிக்கறா.
அவளத் தேடு."

"வலை மாதிரி இருக்கு" என்றேன்.
அஞ்சலாட்சிக்குக் கோபம் வந்துவிட்டது.
தேவனாம்பட்டினத்துக்காரி,
ஆறடிக்கு ஒரு விரல் குறைவு.
"வலையைப் பத்தி உனக்கென்னடி தெரியும்?
வலைக்குக் கால் வலிக்காது.
இவளுவளுக்கு வலிக்கும்.
நான் நடுவுல வரேன்.
என் கையை மட்டும் பாரு."

விசில்.

நஸ்ரத் எறிந்தாள். பிடித்தேன்.
தட்டவில்லை.
நடுவர் கை அசைகிறது, ஒன்று.
சும்மா நிற்பது இவ்வளவு கடினம் என்று
யாரும் சொன்னதில்லை.
வரட்டும்.
இன்னும் கிட்ட. இரண்டு பேருமே.
முன்னாலேயே கொடுத்துவிட்டால்
ஒருத்திதான் ஏமாறுவாள்.
பதினோராம் நம்பரின் மூச்சில்
குளுக்கோஸ் வாசனை.
மூன்று.
மேலே எறிவதாய்க் கண் காட்டி
அவள் அக்குளுக்குக் கீழே, பின்னால்,
எறிந்த இடத்திலிருந்து இரண்டடி உள்ளே வந்து நின்ற
நஸ்ரத்துக்கே திருப்பிக் கொடுத்தேன்.
"பின்னால ஏம்பா தருது அந்தப் பொண்ணு?"
காம்பவுண்ட் சுவர் மேலிருந்து யாரோ.
நான்கு.
நடுவில், எல்லாத் தலைகளுக்கும் மேலே
அஞ்சலாட்சியின் கை,
கடைசி பஸ்ஸை நிறுத்துகிற கை.
பந்து அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

அவள் திரும்பினாள்.
அவ்வளவு பெரிய கோர்ட்டா அது?
இத்தனை நேரம் எங்கே இருந்தது?
எதிர் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள் குமுதவல்லி.
தேடச் சொன்ன அந்த ஒருத்தி
அவளேதான்.
எங்களில் இருவர், அவர்களில் ஒருத்தி.
தரையில் குத்திக் கொடுத்தாள் அஞ்சலாட்சி.
பலகையில் பட்டு
வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி
வெளியே விழுந்தது பந்து.

குமுதவல்லி சிரித்தாள்.
அந்த நேரத்தில் சிரித்த ஒரே ஆள் அவள்தான்.

அடுத்த முறையும் அதே வழி, உள்ளே போனது.
அதற்கடுத்த முறை நஸ்ரத்திடம் போகாமல்
நேரே நடுவுக்கு.
நாலாவது முறை, எல்லாரும் நடுவைக் காக்க,
நான் தட்டிக்கொண்டே
ஓரமாய்ப் போய்விட்டேன்.

மூன்றாம் கால்பகுதியில்
நெய்வேலி கோச் நாற்காலியை விட்டு எழுந்து
உள்ளங்கையைப் பின்னால் பின்னால் அசைத்தார்.
பதினோராம் நம்பர் கெண்டைக்காலைப் பிசைந்தபடி
தன் பாதிக்கு நடந்து போனாள்.

ஐந்து புள்ளியில் தோற்றோம்.
ஸ்கோர் புத்தகத்தில் அது மட்டும்தான் இருக்கும்.

ஆனால் அவர்கள் பின்வாங்கிய பிறகு
முதல்முறை பந்தை எடுத்து வந்தபோது
என் முன்னால் யாரும் இல்லை.
சிமெண்டில் பந்து விழும் சத்தம் கேட்டது.
கெடிலம் பக்கமிருந்து காற்று வந்தது.
நடுவர் கை அசைந்துகொண்டே இருந்தது,
நான்கு, ஐந்து.
நடந்தேன்.